கீழாநெல்லியும் கேள்வியும்

வரப்போரம் வளர்கிறது கீழாநெல்லி. விலை இல்லை. கண்ணிலே மஞ்சள் படர்ந்ததும் பாட்டி பறித்து வருவாள். அரைத்து மோரிலே கலந்து தருவாள். பலர் எழுந்து நடந்ததை நாமும் கண்டிருக்கிறோம்.

"முன்னோர் சொன்னது, மறுபேச்சு எதற்கு?" என்பார் ஒருவர். "பச்சிலைதானே, பாமரர் பழக்கம்" என்று முகஞ்சுளிப்பார் மற்றொருவர். இருவரையும் நாம் கேட்கிறோம்: சோதித்துப் பார்த்தீரா?

சோதித்தவர்கள் உண்டு, தோழர்களே! சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் குழுவினரும், 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க்குடன் கூடி ஆராய்ந்தனர். ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாள் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி தந்தனர். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரிலோ ஒரே ஒருவருக்குத்தான்! 1988இல் 'லான்செட்' ஏடு அதனை வெளியிட்டது. வரப்போரச் செடி உலக அரங்கம் ஏறிற்று.

அத்துடன் முடிந்ததா? இல்லை. பிற நாட்டார் மீண்டும் சோதித்தனர்; அந்த வெற்றி அவர்கட்குக் கிட்டவில்லை. ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் அமைப்பு, போதிய சான்று இல்லையென 2011இல் கூறிற்று.

இது தோல்வியா? அன்று! நம் ஊர் ஆய்வே ஆயினும் உரைத்துப் பார்ப்பதுதான் அறிவியலின் நாணயம்.

அப்படியானால் பாட்டியிடம் பிழைத்தவர்கள்? மஞ்சள் காமாலை ஒரு நோயல்ல; பல நோய்களின் அறிகுறி. கெட்ட நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானே தணியும். தணித்தது உடல்; புகழ் பெற்றது பச்சிலை! ஹெபடைடிஸ் பி அப்படியன்று. ஆண்டுக்கணக்கில் ஈரலில் பதுங்கியிருந்து, சுருக்கவும் செய்யும், புற்றாகவும் மாறும்.

நாட்கூலி போய்விடுமே என்று சாற்றைக் குடித்துவிட்டு ஆலைக்கு ஓடும் தோழரே, உம்மைத்தான் சொல்கிறோம். ஒருநாள் கூலி போகட்டும். இரத்தத்தைச் சோதித்துக் கொள்க! உமது வீட்டில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போடச் செய்க. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

கீழாநெல்லியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை நாம். ஆராயட்டும், இன்னும் ஆராயட்டும்! செடியை வணங்கவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். கேள்வி கேட்போம். உயிர் நம்முடையது அல்லவா!