மேலாளர் என்ற பெயரும் கிடைக்காத கூலியும்

அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது 1938ஆம் ஆண்டுச் சட்டம். நிலையான சம்பளம் பெறும் மேலாளர் போன்றோருக்கு இது பொருந்தாது. ஆண்டுச் சம்பளம் 35,568 டாலரை எட்டி, நிர்வாகப் பொறுப்பும் இருந்தால் 'ஓவர்டைம்' கிடையாது.

36,000 டாலர் வாங்கும் ஒரு கடை மேலாளர் வாரம் 60 மணி நேரம் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் பதினொன்றரை டாலர்தான் வரும். அவருக்குக் கீழே மணிக்கூலிக்கு வேலை செய்பவர் அதைவிட அதிகம் பெறக்கூடும்.

இந்த வரம்பை 58,656 டாலராக உயர்த்த பைடன் அரசு கொண்டுவந்த விதியை 2024 நவம்பரில் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே மாநிலச் சட்டமன்றங்களின் முடிவு முக்கியமாகிறது. கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்குதான் வரம்பு. 2025இல் அது 68,640 டாலர். டெக்சாஸில் மத்திய அரசின் பழைய வரம்பே நீடிக்கிறது.

கூலி ஒப்பந்தத்தில் (இஜாரா) கூலியும் வேலையின் அளவும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு சட்டம். சம்பளத்தை எழுதிவிட்டு நேரத்தை எழுதாமல் விடுவது பாதி ஒப்பந்தம்தான். வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் போதனையை மேடையில் பேசும் நாம், நம் கடைப் பணியாளர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும்.