துப்பாக்கி இல்லாத இறுதி ஊர்வலம்

மாண்டவரைப் போற்றுவது நாகரிக மக்களின் கடமை. ஆனால், மாண்டவரின் வாழ்வில் எந்தப் பகுதியைப் போற்றுவது என்பதை முடிவு செய்பவர் யார்? அரசா? ஊரா? அல்லது வாழ்ந்து மறைந்த அம்மனிதனா? காணி பூமியைப் பற்றி ஒருவன் எழுதி வைக்கும் மரண சாசனத்தை நீதிமன்றம் மதித்து நிறைவேற்றுகின்றது. தன்னை எவ்வாறு நினைக்க வேண்டுமென அவன் கூறிச் சென்ற விருப்பத்துக்கோ அத்தகைய காவல் கிடைப்பது அரிது. அதனாலேயே, போரில் நின்றவன் மறைந்ததும் அரசுகள் அவனைத் தமது உடைமையாக்கிக் கொள்கின்றன. அதற்கு இடங்கொடாது மறைந்த ஓர் ஆங்கிலத் தொழிலாளியின் வாழ்வை எமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஹரி பட்ச் 1898ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், இங்கிலாந்தின் பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் கிராமத்திலே பிறந்தார். தந்தையார் கற்கட்டிடத் தொழிலாளி. மகன் பள்ளியை விட்டதும் குழாய் பொருத்தும் தொழிலைப் பழகத் தொடங்கினார். போர்க்களம் காணும் ஆசை அவருக்கு எள்ளளவும் இருக்கவில்லை. முன்னரே படையிலிருந்து காயமுற்ற தமையனார் வாயிலாக, அகழிகளின் உண்மை நிலையை அவர் அறிந்திருந்தார். ஆயினும், 1916ஆம் ஆண்டின் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் அவரது விருப்பத்தைக் கேட்கவில்லை. 18 வயது நிரம்பிய சில மாதங்களில் தொழிற்கருவிகளைக் கீழே வைத்துவிட்டு அவர் படைக்குச் செல்ல நேர்ந்தது.

1917ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் பிரான்சில் இறங்கினார். பின்னர் பெல்ஜியத்தில் நிகழ்ந்த பாசெண்டேல் சமரில், ஐவர் கொண்ட இயந்திரத் துப்பாக்கிக் குழுவொன்றில் ஒருவராக நின்றார். இயன்றவரை எவரையும் கொல்லாது, காலை நோக்கியே சுடுவதென அவ்வைவரும் தமக்குள் உடன்பட்டிருந்தனராம். செப்ரெம்பர் 22ஆம் நாள் இரவு, தலைக்கு மேல் வெடித்த எறிகணையொன்று அவருடைய தோழர் மூவரைப் பலி கொண்டது. அவரது உடலிற் புகுந்த உலோகத் துண்டை மயக்க மருந்தின்றியே அறுத்தெடுத்தனர். அன்றோடு அவரது போர்முனை வாழ்வு முடிந்தது.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். 111 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் போர்முனையில் நின்றது ஏறக்குறைய 4 மாதங்கள். உலகம் அவரை அறிந்தது அந்த 4 மாதங்களுக்காக. எஞ்சிய நூறாண்டுக்கு மேற்பட்ட வாழ்வில் அவர் செய்தது என்ன?

மீண்டும் குழாய் பொருத்தினார். பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தின் வில்ஸ் நினைவு மண்டபம் 215 அடி உயரக் கோபுரம் உடையது. 1925இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்து வைத்தது. அதனை எழுப்பிய தொழிலாளருள் பட்சும் ஒருவர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, படைக்குரிய வயதை அவர் கடந்திருந்தார். வீட்டில் வாளாவிருந்தாரா? இல்லை. பாத் நகரின் பகுதிநேரத் தீயணைப்பாளராகத் தொண்டு புரிந்தார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் ஜேர்மனிய விமானங்கள் அந்நகர் மீது குண்டு மாரி பொழிந்து 400க்கு மேற்பட்டோரைக் கொன்ற வேளையில், தீயை அணைக்கப் போராடியவர்களுள் அவரும் இருந்தார். முதற் போரில் சட்டத்தின் கட்டளைப்படி துப்பாக்கி ஏந்திய கை, இரண்டாம் போரில் நீர்க்குழாயை ஏந்திற்று. இவ்விரண்டில் எதனைப் பெரிதெனக் கொள்வது என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் அவர் போரைப் பற்றி வாய் திறந்தாரல்லர். 1998இல், 100 வயதை எட்டிய பின்னரே, பி.பி.சி. நிறுவனத்தார் கேட்டமையால் பேசத் தொடங்கினார். நேரிற் கண்டவன் கூறும் சாட்சியத்துக்கும், கேட்டவன் கூறும் சாட்சியத்துக்கும் சட்டம் வேறுபாடு காண்கின்றது. கண்டவர் கூறியது இதுதான்: போர் என்பது முறைப்படுத்தப்பட்ட கொலையே, ஓர் உயிரின் விலைக்கேனும் அது தகுதியுடையதன்று. 2004இல், எதிரணியில் நின்ற சார்ள்ஸ் குவென்ஸ் என்னும் முதியவரைப் பெல்ஜியத்தில் சந்தித்துக் கைகுலுக்கினார். குவென்ஸ் பிறந்த அல்சாஸ் அன்று ஜேர்மனிக்கு உரியது. பின்னர் பிரான்சுக்கு உரியதாயிற்று. ஜேர்மனிக்காகப் போரிட்டவர் பிரெஞ்சுக் குடிமகனாக வாழ்ந்தார். எல்லைக் கோடுகள் மாறலாம். அவற்றுக்காக மாண்டவர் மீள்வதில்லை.

பட்ச் விருதுகளை வெறுத்தவரல்லர். பிரான்சும் பெல்ஜியமும் அளித்தவற்றை ஏற்றார். ஆனால், நவம்பர் 11ஆம் நாளின் அரச நினைவுச் சடங்கை அவர் வெறும் காட்சியென்றே கருதினார். அவரது நினைவு நாள் தோழர் மூவர் மாண்ட செப்ரெம்பர் 22. அதனை அவர் தமக்குள்ளேயே அனுட்டித்தார்.

2009ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் அவர் மறைந்தார். அந்தப் போரின் அகழிகளில் நின்று போரிட்டவர்களுள் இறுதியாக எஞ்சியிருந்தவர் அவரே. ஓகஸ்ட் 6ஆம் நாள் வெல்ஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. பேழையுடன் பெல்ஜிய, பிரெஞ்சு, ஜேர்மனியப் படைவீரர்கள் நடந்து வந்தனர். அவர் விருப்பப்படி அங்கே சடங்குக்கான ஆயுதங்கள்கூட இடம்பெறவில்லை. ஒரு தொழிலாளியின் சொல்லுக்கு ஓர் அரசு பணிந்த காட்சி அது.

அவர் மறைவதற்கு இரு மாதங்களின் முன், அதே 2009ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் எமது நாட்டின் போரும் ஓய்ந்தது. அன்று ஆயுதம் ஏந்தி நின்று, பின்னர் மண்வெட்டியும் உளியும் ஏந்தியோர் இந்நாட்டின் இரு பகுதியாரிடையேயும் உளர். அவர்களை எப்படையில் நின்றவர் என்று மட்டும் கேட்பது நீதியாகுமா? எந்த வயலை உழுதார், எந்த வீட்டுக்குக் கூரை போட்டார், எவர் துயரில் ஓடிச் சென்று உதவினார் என்பதையும் கேட்க வேண்டாமா?

எந்நாளில், எவ்விடத்தில், எவருக்காக அழுவது என ஒரு தாய்க்குக் கட்டளையிடும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருத்தலாகாது. அவ்வாறே, அவளது கண்ணீரைத் தன் மேடைக்கு அலங்காரமாக்கும் உரிமை எந்தக் கட்சிக்கும் இல்லை. அரசியலில் உள்ள எம்மையும் சேர்த்தே இதனைக் கூறுகின்றோம்.

எமது சனசமூக நிலையங்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் முதியோரின் வாக்குமூலங்களை இப்பொழுதே எழுதி வையுங்கள். போரைப் பற்றி மட்டுமன்று, அவர் செய்த தொழிலைப் பற்றியும், தம்மை எவ்வாறு நினைக்க வேண்டுமென அவர் விரும்புகின்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். 100 வயதுவரை காத்திருந்து பேசும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2008ஆம் ஆண்டு பெப்ரவரியில், புதுப்பிக்கப்பட்ட வில்ஸ் மண்டபத்தை மீளத் திறந்து வைக்கப் பிரிஸ்டல் பல்கலைக் கழகம் அழைத்தது அதன் கட்டட வேலையில் நின்ற ஹரி பட்சையே. 1925இல் மன்னர் நின்ற இடத்தில் தொழிலாளி நின்றார். அவருக்குக் கிடைத்த மரியாதைகளுள் தலையாயது இதுவென்றே நாம் கொள்கின்றோம்.