வீட்டினுள் இருப்பினும் உடலை மறவோம்

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் முன்னோர். கல்வி, ஒழுக்கம், பண்பு ஆகிய சித்திரங்கள் யாவும் உடல் என்னும் சுவரின் மீதே தீட்டப்பெறுகின்றன. அச்சுவரைப் பேணும் கடமை பள்ளித் திடலோடு முடிந்துவிடுவதன்று. வீட்டினுள் அடைபட்டிருக்கும் நாள்களில்தான் அக்கடமை இருமடங்காகிறது என்பதே நமது கருத்து.

அடைபட்டிருத்தல் நமக்குப் புதிதன்று. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் சூழ்ந்தபோது பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்து, 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. தொடக்கத்தில் மெதுவோட்டத்திற்குக்கூட வெளியே செல்ல இயலவில்லை. தொடக்கப்பள்ளிகள் அவ்வாண்டு ஜூலையில்தான் படிப்படியாகத் திறந்தன. பின்னர் மீண்டும் மூடப்பட்டன. ஆண்டிறுதிப் பருவமழையோ ஒவ்வோராண்டும் நம்மை வீட்டினுள் நிறுத்துகிறது. ஆகவே, கடந்துபோன துன்பம் என்று இதனை மறந்துவிடுதல் தகாது.

இல்லிருப்புக் கற்றலின் வழி மொழியும் கணிதமும் அறிவியலும் வீடு தேடி வந்தன. உடற்கல்வியோ பல வீடுகளில் பெயரளவிலே நின்றது. காலையில் கைப்பேசியின் முன் அமர்ந்த பிள்ளை மாலையிலும் அவ்விடத்திலேயே அமர்ந்திருந்தது. பள்ளி திறந்தபின், திடலை ஒரு சுற்றுச் சுற்றுமுன்னரே மூச்சிரைத்து நின்ற மாணவர் சிலரை நாம் கண்டோம். முன்னர் ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர்களும் அவர்களுள் இருந்தனர். பழி அவர்களுடையதன்று, பாடங்களை நினைவூட்டிய அளவிற்கு உடலை நினைவூட்டாத பெரியோராகிய நம்முடையதே.

உடற்பயிற்சியால் விளையும் நன்மைகள் பல. உழைக்கும் தசைநார்கள் குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துப் பயன்படுத்துகின்றன. இதயம் வலுப்பெறுகிறது, எலும்பு உறுதியடைகிறது, இரவில் நல்லுறக்கம் வருகிறது. நாள் முழுதும் நான்கு சுவருக்குள் இருப்பதால் எழும் எரிச்சலும் சோர்வும் தணிகின்றன. நம் நாட்டில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு காட்டியது. இந்தியரிடையே இந்நோய் மற்ற இனத்தாரைவிட மிகுதி. நம் பிள்ளைகளுக்கு இப்பழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதை இதனின் வேறு சான்று கொண்டு விளக்கவேண்டுவதில்லை.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்றும், பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. இதனை ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்பதில்லை. காலையில் சிறிது, மாலையில் சிறிது எனப் பகுத்துக்கொள்ளலாம்.

“அடுக்குமாடி வீட்டில் ஓடுவதற்கு இடமேது?” என்பார் உளர். தென்னாப்பிரிக்க விடுதலை வீரர் நெல்சன் மண்டேலா, 1964 முதல் 1982 வரை ராபன் தீவுச் சிறையில் ஒரு சிற்றறையில் வாழ்ந்தார். திங்கள் முதல் வியாழன் வரை காலையில் 45 நிமிடம் வரை நின்ற இடத்திலேயே ஓடியதையும், தண்டால் முதலிய பயிற்சிகள் செய்ததையும், எஞ்சிய மூன்று நாள் ஓய்வு கொண்டதையும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நம் நாட்டவர் டாக்டர் ஷேக் முஸாபர் 2007-இல் சென்று வந்த அனைத்துலக விண்வெளி நிலையத்தில், நெடுநாள் தங்குவோர் எலும்பும் தசையும் நலியாதிருக்க அன்றாடம் ஏறத்தாழ 2 மணி நேரம் பயிற்சி செய்கின்றனர். இவர்களுக்குக் கிட்டிய இடத்தினும் நம் வரவேற்பறை சிறியதன்று. குறைவது இடமன்று, ஒழுங்கே.

“படிப்பதற்கே நேரமில்லை” என்பது மற்றொரு மறுப்பு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னரும் மதிப்பெண் கவலை பெற்றோரை விட்டு நீங்கவில்லை. சோர்ந்த உடலோடு இரண்டு மணி நேரம் புத்தகத்தைப் பார்த்திருப்பதினும், பயிற்சிக்குப் பின் தெளிந்த மனத்தோடு ஒரு மணி நேரம் படிப்பது மேலன்றோ? பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலையே போதும் என்னும் எண்ணமும் களையப்பட வேண்டும். வேலையை அண்ணன் தம்பியரும் பகிரட்டும்; பயிற்சியில் அக்காள் தங்கையரும் சேரட்டும்.

பெற்றோர்களே, மாலைத் தேநீருக்கு முன் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கைகால்களை அசைத்து உடலைச் சூடேற்றுங்கள். பின் நின்ற இடத்தில் ஓடுதல், தோப்புக்கரணம், தண்டால் எனத் தொடருங்கள். மாடி வீட்டினர் குதிப்பதைத் தவிர்த்தால் கீழ்வீட்டார்க்கு இடைஞ்சல் இராது. தாத்தா பாட்டியர் நாற்காலியில் அமர்ந்து எழுவதே நற்பயிற்சி. நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டுச் செய்க. புகைமூட்ட நாளில் சன்னல்களை அடைத்து, மூச்சிரைக்கும் பயிற்சிகளைக் குறைத்துக்கொள்வது நன்று. முடிந்த நாள்தோறும் நாட்காட்டியில் ஒரு கோடிடும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள். எவரும் ஏமாற்ற இயலாது!

மாணவச் செல்வங்களே, ஒரு நாள் மூன்று மணி நேரம் துள்ளிவிட்டு ஒரு வாரம் படுத்திருப்பதால் பயனில்லை. சிறிதாயினும் தவறாது செய்வதே பயன் தரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? கதவு அடைபடலாம், திடல் பூட்டப்படலாம். நம் கைகால்களைப் பூட்டும் உரிமையை மட்டும் சோம்பலுக்குக் கொடாதிருப்போம்.