அத்தையின் படபடப்பும் மாமாவின் ஈசிஜியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க மாமாவுக்கு ஒருநாள் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அன்னைக்கே ஈசிஜி, மறுநாள் எக்கோ, அந்த வாரமே ஒரு நாள் முழுக்க உடம்புல மாட்டிக்கிட்டுத் திரியற ஹோல்டர். கடைசியில வாயுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அத்தை, "நெஞ்சுக்குள்ள புறா சிறகடிக்கிற மாதிரி இருக்குடா, மாடிப்படி ஏறினா அப்படியே உக்காந்துடலாம் போலிருக்கு"ன்னாங்க. அதே டாக்டர்தான். "வயசு அறுபத்திரண்டு ஆச்சு, பொண்ணும் கல்யாணமாகிப் போயிட்டா, டென்ஷன்தாம்மா"ன்னு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் மட்டும் என்ன யோக்கியமா? "காபியைக் குறைங்க அத்தை"ன்னு அட்வைஸ் பண்ணினவன்தானே.

ஆறு மாசத்துல ஒரு காலையில் அத்தை கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்துச்சு. வலது கை வரலை, வாய் குழறுச்சு. பக்கவாதம். அப்புறம் எடுத்த ஈசிஜியிலதான் அந்தப் புறாவோட பேர் தெரிஞ்சுது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

விஷயம் இதுதான். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காச் சுருங்காம சும்மா நடுங்கிட்டிருக்கும். ரத்தம் அங்கே தேங்கும், முக்கியமா இடது மேலறையோட ஒட்டியிருக்கிற சின்னப் பை ஒண்ணுல. தேங்கினா உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா அத்தைக்கு ஆனதுதான்.

ஒரே வயசுல எடுத்துப் பார்த்தா இது ஆண்களுக்குத்தான் அதிகம் வருது. ஆனா பெண்கள் கூடுதல் காலம் வாழறதால, வயசானவங்க கணக்குல அவங்க எண்ணிக்கையும் எட்டிப் பிடிச்சிடுது. தொந்தரவும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. அதுவும் அசதி, மூச்சிரைப்பு, தளர்ச்சின்னு வரும். நம்மூர்ல எந்தப் பொம்பளை அசதின்னு சொன்னா யார் காதுல விழுது, சொல்லுங்க?

2010-ல வந்த பக்கவாத ஆபத்துக் கணக்குல பெண்ணாப் பிறந்ததுக்கே ஒரு மார்க் கூடுதல். ஆண் பெண் வித்தியாசம் அவ்வளவு பெரிசில்லைன்னு சொல்லி 2024-ல ஐரோப்பிய இதயநோய் சங்கம் அந்த மார்க்கை எடுத்துடுச்சு. எடுத்தது சரியா தப்பான்னு நிபுணர்கள் சண்டை போடட்டும். என் கேள்வி வேற. இந்தக் கணக்கே நோயைக் கண்டுபிடிச்ச பிறகு போடறது. நாடியையே பிடிச்சுப் பார்க்காத இடத்துல ஒரு மார்க் இருந்தா என்ன, போனா என்ன?

சிகிச்சையிலும் இதே கதைதான். துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டு வர்ற அப்லேஷனுக்குப் பெண்களை அனுப்பறது குறைவு, அனுப்பினாலும் லேட்டாத்தான். எல்லாத்தையும் அலட்சியம்னு சொல்லிட முடியாது, நியாயமாப் பேசணும். பெண்களோட ஈசிஜியில க்யூடி இடைவெளி இயல்பாவே கொஞ்சம் நீளம், அதனால சோட்டலால் மாதிரி மாத்திரைகள் அவங்களுக்கு ஆபத்தான துடிப்பைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம். அப்லேஷன்லயும் சிக்கல் கொஞ்சம் கூடுதல். ஜாக்கிரதையா இருக்க வேண்டியதுதான். அதுக்காக எட்டிக்கூடப் பார்க்காம விடறதா?

நம்ம மாதிரி நாடுகள்ல இன்னொண்ணும் இருக்கு: ருமாட்டிக் காய்ச்சல்ல வால்வு கெட்டு, அதனால வர்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். 2022-ல வெளியான இன்விக்டஸ்ங்கிற ஆய்வுல இப்படிப்பட்டவங்க நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல இருந்தாங்க, நூத்துக்கு 72 பேர் பெண்கள். சராசரி வயசு ஐம்பதுதான். புது மாத்திரையான ரிவரோக்ஸபானை விட வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரைகளே அவங்களைக் காப்பாத்துதுன்னு அதுல தெரிஞ்சுது. ஆனா வார்ஃபரின் கருவிலிருக்கிற குழந்தையைப் பாதிக்கும், அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேணும். வயலையும் வீட்டையும் விட்டுட்டு மாசாமாசம் டவுனுக்கு யார் கூட்டிட்டுப் போவா?

அத்தை இப்ப ரத்தம் உறையாம இருக்க காலையும் ராத்திரியும் மாத்திரை போடறாங்க. பேச்சு வந்துடுச்சு. கோலம் மட்டும் வளைவுகள்ல கோணிக்குது, கல்மாவு சரியில்லைன்னு பழி போடுவாங்க.

போன வாரம் போயிருந்தப்போ மணிக்கட்டுல மூணு விரல் வெச்சு ஒரு நிமிஷம் எண்ணினேன். தாளம் தப்பித் தப்பித்தான் வந்துது. "என்னடா, பெரிய வைத்தியர் மாதிரி"ன்னு சிரிச்சாங்க. பக்கத்துல மாமாவும் கையை நீட்டினார்.

"உங்களுக்கு வாயுதான் மாமா"ன்னு எழுந்து வந்துட்டேன்.