சோதனைக்கு வரும் காவலரும் சாட்சிக்கு நிற்கும் நாமும்

கஞ்சா விற்பனை, நாட்டு வெடிகுண்டு, ரவுடிகள் நடமாட்டம் என்று புதுச்சேரியில் காவல்துறை வீடுகளில் சோதனை நடத்தும் செய்திகளை அடிக்கடி வாசிக்கிறோம். பெற்றோர் என்ற முறையில் இச்சோதனைகளை நாம் வரவேற்கிறோம். போதைக்கு நம் பிள்ளைகளைப் பறிகொடுக்க நாம் விரும்பவில்லை. ஆனால் தவறான தகவலை நம்பி, தவறான வீட்டுக்குள் காவலர்கள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் கிடைக்காமல் அவர்கள் திரும்பிவிடுவார்கள். தெருவின் சந்தேகப் பார்வை மட்டும் அவ்வீட்டை விட்டுத் திரும்புவதில்லை.

நம் சட்டம் இந்த ஆபத்தை அறிந்தே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவின்படி, சோதனையின்போது அப்பகுதியைச் சேர்ந்த, நடுநிலையான, மதிப்புக்குரிய இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் உடனிருந்து பார்க்கலாம். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். அதன் நகலை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 105-ஆம் பிரிவு சோதனை முழுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அவசரத்தில் வாரண்ட் இன்றி நுழைந்தாலும், அதற்கான காரணத்தை எழுதி 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஆயினும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றி வீட்டைச் சோதிக்கும் அதிகாரிக்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு குடும்பத்தின் மானத்துக்கு எவ்வளவு சிறிய விலை!

சோதனை என்ற பெயரில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை வாச்சாத்தி நமக்குக் காட்டியது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடி, தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பழங்குடி மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 19 ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பர் 29 அன்று அது 269 பேரையும் குற்றவாளிகள் என அறிவித்தபோது, அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஒரு தலைமுறையே காத்திருந்து பெற்ற நீதி இது.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2019 பிப்ரவரியில் சிகாகோ நகரக் காவலர்கள், ஒற்றர் ஒருவர் கொடுத்த முகவரியைச் சரிபார்க்காமல், குற்றமற்ற ஒரு பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தார்கள். உடையணியவும் விடாமல் அவருக்கு விலங்கிட்டார்கள். 2021-இல் அந்நகரம் அவருக்கு 29 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. முகவரியைச் சரிபார்க்கும் சிறு உழைப்பு இதையெல்லாம் தவிர்த்திருக்கும்.

இணைச்சட்ட நூலில் (24:10-11) ஓர் அழகான கட்டளை உண்டு. கடன் கொடுத்தவர் அடகுப்பொருளை வாங்க வரும்போது கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். உரிமை உள்ளவருக்கும் வாசற்படி ஓர் எல்லை என்பதே இதன் பொருள். தம்மிடம் வந்த படைவீரரிடம் திருமுழுக்கு யோவான் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்காமலும், பொய்க் குற்றம் சுமத்தாமலும், ஊதியமே போதுமென்றும் வாழச் சொன்னார் (லூக்கா 3:14). காவல்துறையில் பணியாற்றும் நம் சகோதர சகோதரிகளுக்கு இதைவிடச் சுருக்கமான நன்னெறி வேறில்லை.

ஆனால் காவலரை மட்டும் குறைசொல்லி நாம் தப்ப முடியாது. மகசரில் சாட்சிக் கையொப்பம் இடுபவர் நம்மில் ஒருவர். நமக்கேன் வம்பு என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். அல்லது பார்க்காததைப் பார்த்ததாகக் கையொப்பமிட்டுவிடுகிறோம். பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமா?

நம் ஊரின் வரலாறே இங்கு எச்சரிக்கையாக நிற்கிறது. 1716-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை கைதானார். சொத்துகள் பறிக்கப்பட்டன. மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். தீர்ப்பு தவறு என்பது அவர் இறந்த பின்னரே ஏற்கப்பட்டது. தமிழ்ச் சாட்சிகள் தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலங்களில் கையொப்பமிட்டார்கள் என்பது அவ்வழக்கின் மீது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டு. இயேசு சபைக் குருக்களின் தூண்டுதலும் அதன் பின்னால் இருந்தது என அன்றே முறையிடப்பட்டது. இதை வாசிக்கும்போது திருச்சபையின் பிள்ளைகளாகிய நாமும் தலைகுனிகிறோம்.

ஆகவே அன்பியக் கூட்டங்களில் இச்சட்டப் பிரிவுகளையும் சேர்ந்து வாசிப்போம். சாட்சியாக அழைத்தால் அஞ்சாமல் செல்வோம்; கண்டதற்கு மட்டும், வாசித்த பிறகு மட்டும் கையொப்பமிடுவோம். தவறாகச் சோதனையிடப்பட்ட வீட்டுக்கு நம் காவலர்கள் மீண்டும் சென்று, தெருவார் அறிய வருத்தம் தெரிவிக்கட்டும். சக்கேயு தாம் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தாரே! அந்த வீட்டாரின் நல்ல பெயரைத் திருப்பித் தருவது நம் கையிலும் இருக்கிறது. அடுத்த நாள் காலையில் அவ்வீட்டுக்குச் செல்லும் முதல் ஆள் நம் பங்கைச் சேர்ந்தவராக இருக்கட்டும்.