பழைய காட்டை முறுக்கிப் "புதுசு மாதிரி" என்று விற்பவர்களுக்கு



போன கிழமை 11ஆம் தர மாணவன் ஒருவன் ஒரு கிராபிக்ஸ் காட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். ஜிடிஎக்ஸ் 1060. உம்மாவின் சீட்டுக் காசில் 35,000 ரூபாவுக்கு வாங்கியது. "ஓவர்குளொக் பண்ணித் தாறோம் தம்பி, 1080 மாதிரி ஓடும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மூன்றாம் கிழமையே திரையில் கோடு கோடாக விழத் தொடங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், "ஓவர்குளொக் பண்ணின காட்டுக்கு வொறன்டி இல்லை" என்றார்களாம்.

முறுக்கினதும் அவர்கள், வொறன்டி இல்லை என்பதும் அவர்கள்!

எந்தக் கடை என்று கேட்காதீர்கள். ஒரு கடையோடு முடிகிற விசயமில்லை இது.

1060 என்பது 2016இல் வந்த காட். 6 ஜிபி காட்டில் 1280 கோர்கள். 1080இல் 2560. சரியாக இரண்டு மடங்கு. எவ்வளவு முறுக்கினாலும் இல்லாத கோர் முளைக்காது. நல்ல காட்டை ஒழுங்காக ஓவர்குளொக் பண்ணினால் 5 முதல் 10 வீதம் கூடும். 50 பிரேமில் ஓடின கேம் 55இல் ஓடும். அவ்வளவுதான்.

அதற்குக் கொடுக்கிற விலை சூடு. வேகத்தை 10 வீதமும் வோல்டேஜை 10 வீதமும் கூட்டினால் சிப் எரிக்கும் மின்சாரம் ஏறத்தாழ 33 வீதம் கூடும். வோல்டேஜ் வர்க்கமாகப் பெருகுவதுதான் காரணம். ஏசி அறையில் உட்கார்ந்து யூடியூபில் காட்டுகிறவனுக்கு அது பெரிதில்லை. கச்சான் காத்து அடிக்கிற மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உப்பு ஏறுகிற நம் ஊரில்?

இந்தக் காட்டுகள் எங்கே இருந்தன என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் முறை மாறியதும் கிராபிக்ஸ் காட்டால் அதைத் தோண்டுவது நின்றது. இரவு பகலாக ஓடின காட்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. அதே வருடம் நம் ரூபா டொலருக்கு 200இலிருந்து 360 தாண்டி விழுந்தது. புதுசு எட்டாத பிள்ளைகள் பழையதைத் தேடினார்கள். அந்தத் தேவையில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

"கேம்தானே, போனால் போகட்டும்" என்கிற பெரியவர்களே, போனது ஒரு உம்மாவின் சீட்டுக் காசு. அரிசியில் கலப்படம் செய்தால் சும்மா இருப்பீர்களா? குறையை மறைத்து விற்பது ஹராம் என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அது அரிசிக்கு மட்டும் சொன்னதா?

தம்பிமாரே, உங்களுக்கும் சொல்கிறேன். கடையிலேயே அரை மணித்தியாலம் கேம் ஓட்டிப் பார்த்து, சூடு எத்தனை பாகை என்று பார்த்து வாங்குங்கள். வொறன்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டில் முதல் வேலை தூசு தட்டுவதும் தேர்மல் பேஸ்ட் மாற்றுவதும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், ஆப்டர்பேர்னரில் 10, 15 மெகாஹேர்ட்ஸாகக் கூட்டி ஒவ்வொரு தடவையும் சோதியுங்கள். கோடு விழுந்தால் உடனே இறங்குங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள்.

அந்த மாணவனும் நானும் காட்டைக் கழற்றினோம். பேஸ்ட் காய்ந்து தூளாகக் கிடந்தது. துடைத்து, புதுசு பூசி, மெமரி வேகத்தைக் கம்பனி அளவுக்கும் கீழே இறக்கினோம். கோடு நின்றது. ஓவர்குளொக் என்று காசு கொடுத்து வாங்கியவன் இப்போது வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறான்.

கடைக்காரச் சகோதரர்களே, பழையதை விற்பது பிழையில்லை. பழையது என்று சொல்லி, பில்லில் எழுதி விற்றுவிடுங்கள்.