ரஜினி கறுப்புதானே?

நிறப் பாகுபாடு என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் முந்திக்கொள்வார்: "நம்ம ஊர்லயா? ரஜினி கறுப்பு, விஜயகாந்த் கறுப்பு. தலையில தூக்கிவச்சுக் கொண்டாடலையா?"

கொண்டாடினோம். அந்த ரஜினியின் 'சிவாஜி' (2007) படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள். பாரி மகளிரின் பெயரைச் சூட்டி, முகத்தில் கறுப்புச் சாயத்தை அப்பி நிறுத்தியிருப்பார்கள். அவர்களைக் கண்டு மிரள்வதுதான் நகைச்சுவை, தியேட்டரே சிரித்தது. அதே படத்தில் நாயகனும் சிவப்பாக மாறப் படாதபாடு படுவார். ஒரு பாட்டில் கணினி உதவியோடு வெள்ளைக்காரராகவே வருவார். ஆனால் கறுப்பாக இருந்தபடியே அவருக்கு ஸ்ரேயா கிடைத்தார். அந்த இரண்டு பெண்களுக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டும். ஆணுக்குக் கொடுத்த விலக்கைக் காட்டி, வரியே இல்லை என்கிறோம்.

"வெள்ளைக்காரன் விட்டுட்டுப்போன புத்தி" என்பது அடுத்தது. அவன் போனது 1947இல். ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975இல். வாங்கிப் பூசியவர்கள் நாம்.

"அதான் பேரையே மாத்திட்டாங்களே?" மாற்றினார்கள், 2020இல். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த பிறகு. சென்னையில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியது 2009இல். அது பேசிய பேச்சுக்கெல்லாம் அந்தப் பெயர் அசையவில்லை. பெயர் போனாலும் ஆசை போகவில்லை. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிப் பூசி, தோல் மெலிந்து எரிச்சலோடு தோல் மருத்துவரிடம் போகிறவர்கள் இன்றும் உண்டு.

கடைசி வாதம்தான் கொஞ்சம் நாகரிகமானது: "கலர் அவங்கவங்க விருப்பம். அதுல என்ன தப்பு?"

இதற்கு நான் பதில் சொல்லலாம். எங்கள் வீட்டில் நான் சிவப்பு, அக்கா கறுப்பு. அக்காவைப் பெண் பார்க்க வரும்போதெல்லாம் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு வேலைக்குச் சேர்ந்த இடத்தில் என்னை ரிசப்ஷனில் உட்காரவைத்தார்கள். என்னோடு சேர்ந்தவள் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள். அவளை உள்ளே பில் பிரிவில் போட்டார்கள். அவள் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, வசதியாக இருந்ததே!

விருப்பம் என்றால் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். இது மாறுவதே இல்லை. இதற்கு விலையும் உண்டு. அக்கா கல்யாணத்தில் எனக்குப் போட்டதைவிடக் கூடுதலாக நகை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னவர் எங்கள் தாத்தா.